நுண்காப்பீடு

குறைந்த, நிலையற்ற வருமானம் உள்ளவர்களும் கட்டக்கூடிய சிறு பிரீமியத்துக்கு, நோய், விபத்து, மரணம், உடைமை இழப்பு ஆகியவற்றுக்கு வரையறுத்த தொகை தரும் ஏற்பாடே மைக்ரோ இன்சூரன்ஸ்.

மைக்ரோ என்பது ‘சிறிய’ என்னும் கிரேக்கச் சொல். இன்சூரன்ஸின் வேர், ‘கவலையற்ற’ என்று பொருள்படும் செக்யூரஸ் என்ற லத்தீன் சொல். செக்யூரிட்டியும் அதிலிருந்தே பிறந்தது. தமிழின் ‘காப்பீடு’ காப்பும் ஈடும் சேர்ந்தது. ஈடு என்றால் இழந்ததற்கு இணையாகத் தருவது. இழப்பு வராமல் தடுப்பதாக அது வாக்களிக்கவில்லை. எனக்குப் பிடித்த நேர்மை அது.

மைக்ரோவுக்கு ‘குறு’ என்றும் சொல்கிறோம்: குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள். ஆனால் ‘குறுங்காப்பீடு’ என்றால் குறுகிய காலத்துக்கான காப்பீடு என்ற மயக்கம் வரும். மைக்ரோ கிரெடிட்டுக்கு நுண்கடன் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் மைக்ரோ இன்சூரன்ஸுக்கு நுண்காப்பீடே பொருத்தம்.

இரண்டுக்கும் உறவும் உண்டு. முறைசாராத் தொழில் செய்யும் பெண்களுக்காக அகமதாபாத்தில் 1972இல் இலா பட் சேவா அமைப்பைத் தொடங்கினார். 1974இல் அதன் கூட்டுறவு வங்கி வந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போன பெண்கள் பலரை முடக்கியது நோயும் பிரசவமும் குடும்பத்தில் நேர்ந்த மரணமும்தான். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1992இல் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. அதுவே விமோசேவா, விமோ என்றால் குஜராத்தியில் காப்பீடு. மைக்ரோ இன்சூரன்ஸ் என்ற சொல் பரவலானது 1990களின் இறுதியில்தான். இந்தியாவில் அதற்கெனத் தனி ஒழுங்குமுறை விதிகள் 2005இல் வந்தன.

தினக்கூலிப் பெண் மருத்துவமனையில் படுத்தால் சிகிச்சைச் செலவோடு அன்றாடக் கூலியும் போகிறது. எனவே மருத்துவச் செலவை மட்டும் ஏற்கும் பாலிசி அவளுக்குப் பாதி ஈடுதான்.

நுண்காப்பீட்டைச் சமூகப் பாதுகாப்பு என்று எழுதுவது தவறு. முன்னது அவள் தன் கைக்காசு கட்டி வாங்குவது, பின்னது உரிமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்கு ஒன்பது பிரிவுகளை வகுத்தது. மகப்பேறும் முதுமையும் அவற்றில் அடங்கும். காப்பீடு எதிர்பாராத இழப்புக்கானது. முதுமையோ எல்லோருக்கும் வருவது. பிரசவமோ முன்கூட்டியே தெரிவது. பங்களிப்புச் செலுத்த முதலாளி இல்லாத பெண்ணுக்கு மகப்பேற்று உதவித்தொகையையும் ஓய்வூதியத்தையும் அரசுதான் தந்தாக வேண்டும்.