டிரெய்னிங் நல்லா இருந்துச்சு சார், ஆனா வேலை செஞ்சுதா?

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு ரெண்டு நாள் டிரெய்னிங்ல உக்காந்திருந்தேன், பேச்சுவார்த்தை நடத்துறது எப்படின்னு. கடைசி நாள் சாயங்காலம் நாலரை மணி, எல்லாரும் பேக்கை தோள்ல மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கப்ப ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் கையில குடுத்தாங்க. பக்கத்து சீட்டுக்காரர் கேள்வியை படிக்கவே இல்ல, மேலருந்து கீழ வரைக்கும் "மிக நன்று" கட்டத்துல ஒரே இழுப்பா கோடு போட்டுட்டு "சர்ட்டிஃபிகேட் எங்க சார் தர்றாங்க"ன்னு கேட்டார். நானும் அதேதான் பண்ணேன். மத்தியானம் போட்ட மீன் வறுவல் நெஜமாவே நல்லா இருந்துச்சு, அந்த நன்றிக்கடன் வேற.

அந்த கோடுகளை எல்லாம் கூட்டி வகுத்து "அமோக வெற்றி"ன்னு எங்கயோ ஒரு ரிப்போர்ட் போயிருக்கும். நான் அதுல கத்துக்கிட்டதை அதுக்கப்புறம் ஒரு தடவையாவது பயன்படுத்தினேனான்னு இன்னி வரைக்கும் யாரும் கேக்கல.

சரி, ஒரு டிரெய்னிங் வேலை செஞ்சுதான்னு ஒழுங்கா எப்படித்தான் அளக்கறது? எக்செல் கத்துக்குடுத்தா அளக்கறது ஈசி, ஷீட்டை குடுத்து போடச்சொன்னா போச்சு. இதுலயே ரொம்ப கஷ்டமான கேஸ் ஒண்ணு இருக்கு, சுற்றுச்சூழல் தகராறை பேசித் தீக்கறது எப்படின்னு அரசு அதிகாரிகளுக்கு குடுக்கற டிரெய்னிங். அமெரிக்காவுல இது ஒரு தனித் துறையாவே வளந்திருக்கு, அதனால அங்க இருந்தே பாப்போம்.

வாஷிங்டன் மாநிலத்துல ஸ்னோக்வால்மினு ஒரு ஆறு. 1959ல பெரிய வெள்ளம் வந்துச்சு, அதுக்கப்புறம் ராணுவ பொறியாளர் படை அந்த ஆத்தோட நடுக்கிளையில அணை கட்டணும்னு சொன்னாங்க (அங்க பெரிய அணைங்க நெறைய இவங்க கட்டினதுதான்). விவசாயிங்க கட்டுன்னாங்க, சுற்றுச்சூழல்காரங்க கட்டாதேன்னாங்க, வருஷக்கணக்கா இழுத்துச்சு. 1974ல ஜெரால்ட் கார்மிக், ஜேன் மெக்கார்த்தினு ரெண்டு பேர் நடுவுல உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. அணை வேணுமா வேணாமான்னு கேக்கறத விட்டுட்டு உனக்கு எதுக்கு வேணும், உனக்கு எதுக்கு வேணாம்னு தோண்டினாங்க. பாத்தா சுற்றுச்சூழல்காரங்களோட பெரிய பயம், அணை வந்தா வெள்ள பயம் போயி பள்ளத்தாக்கு முழுக்க பிளாட் போட்டு வித்துடுவாங்கன்னு. விவசாயிங்களுக்கும் ஊர் நகரமா மாறணும்னு ஆசை இல்ல, அவங்களுக்கு விவசாயம் பாக்கணும், அவ்ளோதான். அந்த டிசம்பர்லயே ஒப்பந்தம் ஆச்சு: நடுக்கிளையில வேணாம், வடகிளையில ஒரு சின்ன அணை, கூடவே கரை, நிலத்தை எதுக்கு பயன்படுத்தலாம்னு கட்டுப்பாடு. அமெரிக்காவுல சுற்றுச்சூழல் மத்தியஸ்தம்னா முதல் கேஸா இதைத்தான் சொல்லுவாங்க.

ஒப்பந்தத்துல இருந்த அந்த வடகிளை அணை கட்டப்படவே இல்ல. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

இப்படி பேசித் தீக்கறதை அரசாங்கமே பண்ணனும்னு 1998ல அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அரிசோனாவுல டூசான் நகரத்துல இருக்கற உடால் அறக்கட்டளைக்குள்ள இதுக்குன்னே ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க, கிர்க் எமர்சன் அதோட முதல் இயக்குநர். வனத்துறை, நில மேலாண்மை துறை, இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு துறை)னு எல்லா துறை ஆளுங்களுக்கும் அங்க டிரெய்னிங் உண்டு. பாடம் என்னன்னா ஸ்னோக்வால்மியில நடந்ததுதான், ஒருத்தர் வாயால கேக்கறதுக்கும் உள்ளுக்குள்ள அவருக்கு நெஜமா தேவைப்படறதுக்கும் உள்ள வித்தியாசத்தை பிடிக்கறது, யாரெல்லாம் மேஜையில உக்காரணும்னு முன்னாடியே கணக்கு போடறது, எந்த ஆய்வை நம்பறதுன்னு சண்டை வராம ரெண்டு தரப்பும் சேந்தே ஆய்வு பண்றது, அப்புறம் நெறைய ரோல் ப்ளே.

அளக்கற கதைக்கு வருவோம். 1959ல டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒருத்தர் டிரெய்னிங்கை நாலு படியா அளக்கலாம்னு எழுதினார், இன்னிக்கும் உலகம் பூரா அதைத்தான் பிடிச்சு தொங்கறாங்க. புடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில நடந்துக்கற விதம் மாறுச்சா, அதனால கடைசியில ஏதாவது நல்லது நடந்துச்சா. (ஸ்னோக்வால்மி வெள்ளமும் அதே வருஷம்தான், சும்மா தற்செயல்.)

முதல் படிதான் நம்ம நாலரை மணி ஃபார்ம். இதை பத்தி ரொம்ப பேச வேண்டாம். 1997ல அலிகரும் கூட இருந்தவங்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா போட்டு பாத்ததுல, கிளாஸ் புடிச்சுதுங்கறதுக்கும் கத்துக்கிட்டதுக்கும் தொடர்பு கிட்டத்தட்ட பூஜ்யம். "இது என் வேலைக்கு உதவுமா"ன்னு கேட்டிருந்தா மட்டும் கொஞ்சூண்டு தொடர்பு இருந்துச்சு. அதனால ஃபார்ம்ல ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்னா அதைக் கேளுங்க, சாப்பாடு எப்படின்னு கேக்காதீங்க.

ரெண்டாவது படியில ஒரு சுவாரசியமான பொறி இருக்கு. டிரெய்னிங்க்கு முன்னாடி "உங்க பேச்சுவார்த்தை திறனுக்கு அஞ்சுக்கு எவ்ளோ போடுவீங்க"ன்னு ஒரு அதிகாரிய கேட்டா, இருபது வருஷ சர்வீஸ், நாலுன்னு கெத்தா போடுவார். மூணு நாள் கிளாஸ்ல உக்காந்ததுக்கப்புறம்தான் இத்தனை நாளா நான் பேச்சுவார்த்தையே நடத்தல, முடிவு பண்ணிட்டு வந்து அறிவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்னு அவருக்கே உறைக்கும். இப்ப கேட்டா மூணு போடுவார். காகிதத்துல பாத்தா டிரெய்னிங் அவரை கெடுத்துடுச்சு! உண்மையில மாறினது அவர் கையில இருந்த அளவுகோல். 1979ல ஜார்ஜ் ஹோவர்டும் அவர் குழுவும் இதை எழுதினாங்க, பிடிவாதத்தை குறைக்கற ஒரு பயிற்சிக்கப்புறம் ஆளுங்க முன்னைவிட பிடிவாதக்காரங்களா ஆயிட்டாங்கன்னு கணக்கு வந்து, கூப்ட்டு விசாரிச்சா தான் எவ்ளோ பிடிவாதம்னே முன்னாடி தெரியாம இருந்திருக்கு. இதுக்கு அவங்க சொன்ன வைத்தியம் என்னன்னா, முடிஞ்சப்புறம் ரெண்டையும் சேத்து கேளு, "இப்ப எவ்ளோ, இப்ப யோசிச்சா அப்ப எவ்ளோ இருந்திருக்கும்"னு. இதுலயும் ஓட்டை இருக்கு, காசு கட்டி வந்தவன் ஏதாவது கத்துக்கிட்டேன்னுதான சொல்லுவான்.

அதுக்குத்தான் ஆளை கேக்காம ஆளை பாக்கறது. ஹார்பர்கோன்னு ஒரு பயிற்சி விளையாட்டு இருக்கு, ஆழ்கடல் துறைமுகம் கட்டறதை பத்தி ஆறு தரப்பு, அஞ்சு விஷயம். துறைமுக கம்பெனி, சுற்றுச்சூழல் அமைப்பு, தொழிற்சங்கம், கவர்னர்னு ஒவ்வொருத்தருக்கும் எந்த முடிவுக்கு எத்தனை பாயின்ட்னு ரகசியமா ஒரு சீட்டு. பாயின்ட் இருக்கறதால, ஒப்பந்தம் ஆச்சா இல்லையாங்கறதோட நிக்காம, எல்லாருக்கும் இன்னும் நல்லதா ஒரு முடிவு இருந்தும் அதை மேஜையிலயே விட்டுட்டு எழுந்துட்டாங்களான்னும் எண்ணி சொல்லலாம்.

மூணாவது படி, வேலையில மாறினாங்களா. இதுக்கு ஆராய்ச்சியாளர்கள் வெச்ச பேரு டிரான்ஸ்ஃபர். நம்ம ஊர்ல அரசு ஊழியர்கிட்ட போய் இந்த வார்த்தைய சொன்னா மனுஷன் பதறிடுவார், ஆனா பாருங்க, பொருத்தமாத்தான் இருக்கு. ஒரு தகராறு முத்தி, பேசி, பழுக்க அஞ்சாறு வருஷம் ஆகும், அதுக்குள்ள கத்துக்கிட்ட அதிகாரி வேற ஊருக்கு போயிருப்பார், வந்து உக்காந்தவருக்கு முதல் பக்கத்துல இருந்து ஆரம்பம். 1988ல பால்ட்வின், ஃபோர்டுனு ரெண்டு பேர் இதை பத்தி எழுதினது இன்னிக்கும் நிக்குது: கத்துக்கிட்டது வேலையில ஒட்டுமாங்கறது ஆளை பொறுத்தது, பாடத்தை பொறுத்தது, ஆளு திரும்பி போற ஆபீசையும் பொறுத்தது. மேலதிகாரி "அதெல்லாம் கிளாஸோட வெச்சுக்கோ, ஃபைலை முடி"ன்னா முடிஞ்சுது கதை. அதனால அளக்கும்போது ஆளை மட்டும் அளந்தா அந்தாளுக்கு பண்ற அநியாயம்.

பாடத்தை எப்படி குடுக்கறோம்ங்கறதுலயும் வித்தியாசம் வருது, இதை பரிசோதனையாவே பண்ணியிருக்காங்க. லோவன்ஸ்டைன், தாம்ப்சன், கென்ட்னர் மூணு பேரும் எம்.பி.ஏ. மாணவர்கள்ல ஒரு குரூப்புக்கு ஒரே உத்திய காட்டற ரெண்டு பேச்சுவார்த்தை கதைகளை தனித்தனியா படிக்க குடுத்தாங்க, இன்னொரு குரூப்ப அதே ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு என்ன ஒத்துமைன்னு ஒப்பிடச் சொன்னாங்க. அப்புறம் புதுசா ஒரு பேச்சுவார்த்தைல விட்டா, ஒப்பிட்ட குரூப் அந்த உத்திய பயன்படுத்தினது கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஒரே கதையை சுவாரசியமா ரெண்டு மணி நேரம் சொல்ற வாத்தியாருக்கு ஃபார்ம்ல அஞ்சு விழும், ஆனா இந்த மாதிரி ஒப்பிடச் சொல்லி மண்டைய உடைக்கறவர்கிட்டதான் சரக்கு ஒட்டுது போல.

சரி, அதிகாரி மாறினாரான்னு யாரைக் கேக்கறது? அவரையே கேட்டா மாறிட்டேன்னுதான் சொல்லுவார். எதிர்ல உக்காந்த ஆளை கேக்கணும், மாடு மேய்க்கற பண்ணைக்காரர், பழங்குடி கவுன்சில், சுற்றுச்சூழல் அமைப்பு. "இந்த தடவை நீங்க சொன்னதை காது குடுத்து கேட்டாரா"ன்னு. இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச சிக்கல் வருது. 1980ல வந்து 1995ல திருத்தின ஒரு சட்டம் இருக்கு, மக்களை ஃபார்ம் நிரப்பச் சொல்லி அரசாங்கம் படுத்தக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல போட்டது. அதுபடி பத்து பேரோ அதுக்கு மேலயோ வெளியாட்கள்கிட்ட ஒரே கேள்விகளை கேக்கணும்னா முதல்ல 60 நாள் பொது அறிவிப்பு, அப்புறம் 30 நாள் அறிவிப்பு, கடைசியில அதிபர் அலுவலகத்துக்கு கீழ இருக்கற பட்ஜெட் ஆபீஸோட அனுமதி. சொந்த ஊழியரை அவர் வேலைய பத்தி கேக்கறதுக்கு இதெல்லாம் வேண்டாம். விளைவு என்ன? ஆபீசருங்க எழுதின ஃபார்ம் சுலபமா மலை மாதிரி குவியும், பண்ணைக்காரர் என்ன நெனைச்சார்ங்கறதுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும். டூசான் நிறுவனம் இந்த அனுமதிய வாங்கித்தான் தகராறுல கலந்துக்கிட்டவங்களுக்கு கேள்வித்தாள் குடுக்கறாங்க, அதுக்காகவே அவங்களுக்கு ஒரு சபாஷ். வேடிக்கை என்னன்னா 2005ல அதே பட்ஜெட் ஆபீஸும் சுற்றுச்சூழல் கவுன்சிலும் சேந்துதான் எல்லா துறைக்கும் சுற்றறிக்கை விட்டாங்க, தகராறை பேசித் தீக்கறதுல என்ன பண்ணீங்கன்னு வருஷா வருஷம் ரிப்போர்ட் குடுன்னு.

நாலாவது படிதான் மலை. கடைசியில நல்லது நடந்துச்சா?

சும்மா எண்ணிப் பாத்தா அழகா இருக்கும். 1986ல கெயில் பிங்கம் பத்து வருஷ சுற்றுச்சூழல் மத்தியஸ்த கேஸ்களை அலசினப்ப, ஒப்பந்தம் பண்ணணும்னு உக்காந்த 132ல 103 ஒப்பந்தத்துல முடிஞ்சிருந்துச்சு, 78 சதவீதம். ஆனா பேசாம கோர்ட்டுக்கே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த நம்பர் சொல்லாது. அந்த "போயிருந்தா"வ அளக்க முயற்சி பண்ணினவர் கேரி கோக்லியனீஸ், 1997ல. இ.பி.ஏ. போடற விதிகள்ல அஞ்சுல நாலுக்கு எதிரா கோர்ட்ல கேஸ் விழுதுன்னு ரொம்ப நாளா எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, பெரிய பெரிய ஆளுங்களே சொன்னாங்க, அதனாலதான் எல்லா தரப்பையும் உக்கார வெச்சு பேசி விதி எழுதுவோம்னு ஒரு முறையே வந்துச்சு, 1990ல அதுக்கு சட்டமும் வந்துச்சு. இவர் கோர்ட் ரெக்கார்டை தோண்டினா சாதாரண விதிகள்ல கோர்ட்டுக்கு போனது 26 சதவீதம்தான், பேசி எழுதின 12 விதிகள்ல 6 கோர்ட்டுக்கு போயிருக்கு. நேரமாவது மிச்சமான்னா, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட மூணு வருஷம். இந்த முறைய வளத்தவங்கள்ல முக்கியமான பிலிப் ஹார்ட்டர் சும்மா விடல, எண்ணின விதமே தப்பு, பேருக்கு போட்டு வாபஸ் வாங்கினதையும் கேஸ்னு எண்ணிட்டீங்கன்னு 2000ல பதில் எழுதினார். என்னை கேட்டா ரெண்டு பேருமே ஒரு நல்லது பண்ணாங்க. 80 சதவீதம்னு வாய்வழியா சுத்தின கதைய யாரோ ஒருத்தர் கடைசியில போய் எண்ணினாரே.

டிரெய்னிங்குக்கும் இதே நோய்தான். டிரெய்னிங்குக்கு யார் வர்றா? ஆர்வமா கேட்டு வர்றவர், அவர் வராமலே நல்லா பண்ணியிருப்பார். இல்லன்னா ஏற்கனவே பத்திக்கிட்டு எரியற ஊர் அதிகாரிய அனுப்பறாங்க. எரியறது எப்படியும் கொஞ்சம் அடங்கத்தான் செய்யும், காய்ச்சல் உச்சத்துல இருக்கப்ப எந்த மாத்திரைய குடுத்தாலும் மறுநாள் குறையற மாதிரி, பேரு மாத்திரைக்கு.

இதுக்கு எளிமையான வழி ஒண்ணு இருக்கு, செலவும் கம்மி. சீட்டு 30, விண்ணப்பம் 60னு வெச்சுக்கோங்க, முதல்ல வந்தவங்களுக்கோ சிபாரிசு இருக்கறவங்களுக்கோ குடுக்காம குலுக்கல் போடுங்க. விழாதவங்களுக்கு அடுத்த வருஷம். அந்த ஒரு வருஷத்துக்கு அவங்கதான் கன்ட்ரோல் குரூப், அதாவது டிரெய்னிங் எடுத்தவங்களோட ஒப்பிட்டு பாக்கற குரூப், யாருக்கும் எதுவும் மறுக்கல, வரிசைதான் மாறுச்சு. ஆனா 30 பேர் வெச்சு பெருசா எதுவும் நிரூபிக்க முடியாது, சின்ன மாற்றம் எல்லாம் இரைச்சல்ல காணாம போயிடும். அப்ப ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் சொன்ன வழி கைகுடுக்கும்: சராசரிய விடு, நல்லா பயன்படுத்தின நாலு பேரையும் சுத்தமா பயன்படுத்தாத நாலு பேரையும் தேடிப்பிடி, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசு, சொல்றதுக்கு ஆதாரம் கேளு, மின்னஞ்சல், கூட்ட குறிப்பு, ஏதாவது. ஏன் பயன்படுத்தலன்னு அந்த ரெண்டாவது நாலு பேர் சொல்ற காரணத்துலதான் பாதி நேரம் விஷயமே இருக்கும், பெரும்பாலும் அதுக்கும் கிளாஸுக்கும் சம்பந்தமே இருக்காது.

இதெல்லாம் எத்தனை நாள் கழிச்சு அளக்கணும்? வழக்கமா ஆறு மாசம்னு வெச்சுக்கறாங்க, ஏன்னா அதுக்கு மேல பட்ஜெட் இருக்காது. ஸ்னோக்வால்மிய இப்ப எடுத்துக்கோங்க. ஒப்பந்தம் ஆன அன்னிக்கு அளந்திருந்தா நூத்துக்கு நூறு. பத்து வருஷம் கழிச்சு அளந்திருந்தா ஒப்புக்கிட்ட அணையக் காணோம், தோல்வின்னு எழுதியிருப்பாங்க. 2014 டிசம்பர்ல அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அணை வரவேண்டிய அந்த நடுக்கிளையோட ஒரு பெரிய பகுதிய இனி அணையே கட்டமுடியாத பாதுகாக்கப்பட்ட ஆறா அறிவிச்சுது, ஒப்பந்தம் ஆகி சரியா 40 வருஷம் கழிச்சு. அதுல அந்த மேஜைக்கு எவ்ளோ பங்கு, நடுவுல வந்த மத்தவங்களுக்கு எவ்ளோ பங்குன்னு எந்த ஃபார்ம்ல எந்த கட்டத்துல டிக் போடறது?