மலிவு விமானமா, முழுச்சேவை விமானமா: வன்னியில் இருந்து புறப்படுகிறவர்களுக்கு

"அண்ணை, ஆகக் குறைஞ்ச விலை எது?" வவுனியாவில் டிக்கெட் போடுகிற எந்தக் கடையிலும் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். கேட்பதில் பிழையில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு டிக்கெட் விலை எங்கேயோ போய்விட்டது, ஒவ்வொரு ஆயிரமும் கணக்குத்தான். ஆனால் திரையில் தெரிகிற விலைக்குள் என்ன அடங்கும், என்ன அடங்காது என்று பாராமல் "சரி, அதையே போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் சிலர், புறப்படுகிற நாளில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் தரையில் திறந்து வைத்துக்கொண்டு, டிக்கெட் போட்டுக் கொடுத்த எங்களுக்குப் போன் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் எங்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். மலிவு விமானம் என்றால் பழைய விமானம், பாதுகாப்புக் குறைந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியில்லை. விமானியின் உரிமம், இயந்திரப் பரிசோதனை, ஊழியர்கள் எத்தனை மணித்தியாலம் பறக்கலாம் என்பதெல்லாம் அந்தந்த நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் கையில் இருக்கிறது. டிக்கெட் மலிவு என்பதற்காக அங்கே சலுகை கிடைக்காது. இண்டிகோ ஓட்டுகிற விமானங்கள் பல முழுச்சேவை நிறுவனங்களுடையதைவிடப் புதியவை. விலை குறைவதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் ஒரே வகை விமானமாக வாங்குகிறார்கள், அதனால் பயிற்சிக்கும் உதிரிப்பாகத்துக்கும் செலவு குறைவு. முழுச்சேவை நிறுவனம் பிஸ்னஸ் வகுப்பும் வைத்து 150 பேர் மட்டில் ஏற்றுகிற ஏ320 விமானத்தில் இவர்கள் 180 இருக்கை போடுகிறார்கள். இறங்கிய விமானத்தை நிறுத்தி வைக்காமல் முக்கால் மணித்தியாலத்துக்குள் திரும்ப ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். 1971 இல் டெக்சாஸில் சௌத்வெஸ்ட் காட்டிய வழி இது. ஏர்ஏசியா, ஏர் அரேபியா, இண்டிகோ, 2009 இல் பறக்கத் தொடங்கிய பிளைடுபாய் எல்லாம் அதே வழியில் வந்தவைதான்.

பெரும்பாலும் அவர்கள் விற்பது இருக்கையை மட்டும். பெட்டி, சாப்பாடு, சன்னலோர இருக்கை, திகதி மாற்றம் எல்லாம் தனித்தனி விலை. முழுச்சேவை நிறுவனம் இவற்றில் பலதை முன்கூட்டியே சேர்த்து விற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மலிவு விமானத்தில் 62,000 ரூபாய், முழுச்சேவையில் 80,000 ரூபாய் என்று வையுங்கள். 20 கிலோ பெட்டிக்கு 11,000, சாப்பாட்டுக்கும் இருக்கைக்கும் 4,000 சேர்த்தால் மலிவு டிக்கெட் 77,000 ஆகிவிடும். மிச்சம் மூவாயிரம். அதே பயணத்தை ஒரு பொடியன் தோள்பையோடு போவதென்றால் பதினெட்டாயிரம் முழுதாக மிச்சம். அவருக்கு நான் யோசிக்காமல் மலிவு விமானத்தையே போடுவேன்.

நம்முடைய பெட்டிகள் தோள்பையில் அடங்குவதில்லை என்பதுதான் பிரச்சினை. வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் மிளகாய்த்தூள், அரிசிமா, புழுக்கொடியல், வேப்பம்பூ வடகம், கருவாடு, நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாம் போயே ஆகவேண்டும். கைப்பைக்கு மலிவு நிறுவனங்கள் பொதுவாக 7 கிலோ தருகின்றன, ஏர் அரேபியா 10 கிலோ. வெறும் சில்லுப் பெட்டியே இரண்டு மூன்று கிலோ இருக்கும் என்பதை ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. எண்ணெய், நெய், ஊறுகாய் போன்றவை 100 மில்லிலீட்டருக்கு மேல் கைப்பையில் போகாது. போன் ஏற்றுகிற பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்கவேண்டும். கீழே போகிற பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே ஒரு தூக்குத் தராசில் கொளுவி நிறுத்துப் பாருங்கள். இரும்புக்கடையில் கிடைக்கிற சாமான், விலையும் பெரிதில்லை. கூடுதல் நிறையை முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் கிலோவுக்குக் கிலோ கட்டினால் கண்ணைக் கட்டுகிற விலை.

இன்னொன்று. போகும்போது பெட்டி வாங்குகிறவர்கள் வரும்போது வாங்க மறந்துவிடுகிறார்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ கலியாணச் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு நிறை கூடுவதே திரும்பி வரும்போதுதான்.

டிக்கெட் கையில் வந்ததும் விலையை விட்டுவிட்டு 'பேக்கேஜ்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 20 கிலோ, 30 கிலோ என்று எழுதியிருக்கலாம். சில டிக்கெட்டில் 1 பீஸ் என்று இருக்கும், அதாவது ஒரு பெட்டி. எத்தனை கிலோ வரை என்று தனியாகக் கேட்கவேண்டும். பூச்சியம் என்று இருந்தால் கீழே போட உங்களுக்கு ஒன்றுமில்லை. முழுச்சேவை நிறுவனம் என்ற பெயரை மட்டும் நம்பியும் இருக்கமுடியாது. 'லைட்', 'பேசிக்' என்று பெயர் வைத்து, பெட்டி இல்லாத அல்லது குறைந்த டிக்கெட்டுகளை அவர்களில் சிலரும் இப்போது விற்கிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலாளியோ ஏஜென்சியோ டிக்கெட் அனுப்பினாலும் இந்த வரியைப் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது கொழும்புக்காரருக்கும் பொருந்தும். நமக்கென்று வேறொரு கணக்கு இருக்கிறது. அது தூரம்.

விமானம் எட்டு மணித்தியாலம் பிந்தினால் நீர்கொழும்பில் இருப்பவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். புதுக்குடியிருப்பில் இருந்து வான் பிடித்து, வழியனுப்ப மாமா, மாமி, பேரப்பிள்ளைகள் என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்ன செய்வார்? வானுக்கு நின்ற நேரக் காசு, எல்லாருக்கும் சாப்பாடு, ஒருவேளை லொட்ஜ். விமானம் ரத்தானால் திரும்பிப் போய் இன்னொரு நாள் அதே செலவு. மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு இரவில் கரைந்துவிடும்.

மலிவு நிறுவனங்கள் எப்போதும் பிந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே விமானத்தை நாள் முழுக்க ஓட்டுவதால் காலையில் ஏற்பட்ட தாமதம் இரவு வரைக்கும் தொடரும். அதனால் முடிந்தவரை அந்த விமானத்தின் நாளின் முதல் ஓட்டத்தை எடுக்கச் சொல்வேன். ரத்தானால் என்ன ஆகும் என்பதில்தான் உண்மையான வித்தியாசம். முழுச்சேவை நிறுவனங்களுக்குக் கூட்டாளிகள் உண்டு. ஸ்ரீலங்கன் 2014 இல் இருந்து ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது, கத்தார், மலேசியா, கத்தே பசிபிக் எல்லாம் அதே கூட்டணி. ஒன்று பிழைத்தால் இன்னொன்றில் ஏற்றிவிட வழி இருக்கிறது. மலிவு நிறுவனம் பெரும்பாலும் தன்னுடைய அடுத்த விமானத்தில்தான் இடம் தரும். கிழமைக்குச் சில நாள் மட்டும் ஓடுகிற வழி என்றால் அந்த அடுத்தது எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் இந்தத் தூரத்தைப் பாதியாக்கியிருக்கிறது. 2019 இல் சர்வதேச விமான நிலையமாகி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் அலையன்ஸ் ஏர் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச்சில் திருச்சிக்கும் தொடங்கியது. கிளிநொச்சிக்காரர் காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படலாம். வருவது ஏடிஆர் 72 என்கிற, எழுபது சொச்சம் பேர் ஏறக்கூடிய விசிறி விமானம். விசிறியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குறுகிய ஓடுபாதைக்கும் குறுகிய தூரத்துக்கும் என்றே செய்தது. ஆனால் மேலே பை வைக்கிற தட்டு சிறியது, பெட்டி அளவில் கறாராக இருப்பார்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வானிலை சரியில்லாமல் போனால் இறங்கமுடியாமல் திரும்பிப் போகவும் கூடும். அந்த மாதங்களில் சென்னையில் வைத்தியருக்கு நாள் குறித்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

நான் கூடக் கவலைப்படுவது துண்டு டிக்கெட்டுகளைப் பற்றி. இணையத்தில் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டிப் பார்த்தால் விலை ஆசை காட்டும். உதாரணம், கொழும்பில் இருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியா, அங்கிருந்து மெல்பேர்னுக்கு வேறொரு நிறுவனம். ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் முனையத்தில், மலேசியா ஏர்லைன்ஸ் புறப்படுவது முதலாம் முனையத்தில். தனி டிக்கெட் என்றால் உங்கள் பெட்டியை நீங்களே எடுத்து, குடிவரவு தாண்டி, ரயிலோ பஸ்ஸோ ஏறி அடுத்த முனையத்துக்குப் போய் மறுபடி போடவேண்டும். குடிவரவு தாண்ட மலேசிய விசா வேண்டும். ஷார்ஜாவில் இறங்கி துபாயில் ஏறுவதும் அப்படித்தான், இரண்டும் வேறு விமான நிலையங்கள். பலாலியில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து தனி டிக்கெட்டில் ஐரோப்பா போகலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்: இந்திய விசா இல்லாமல் சரிவராது. முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் ஒரு பொறுப்பும் இல்லை. புது டிக்கெட் உங்கள் காசில். ஒரே பிஎன்ஆர் இலக்கத்தில், அதாவது டிக்கெட்டில் இருக்கிற ஒரே பதிவு இலக்கத்தில், முழுப் பயணமும் இருந்தால் அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது, பெட்டியும் பெரும்பாலும் கடைசி இடம் வரை நேராகப் போகும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு டிக்கெட் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முள்ளியவளைப் பக்கத்து அம்மா ஒருவர். மகன் சுவிஸில், இங்கே வரமுடியாத நிலை. அதனால் இருவரும் திருச்சியில் சந்திப்பதாக ஏற்பாடு. மகன் ஏதோ ஒரு விலை ஒப்பிடும் தளத்தில் டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டார். பிறகு விமான நிறுவனம் நேரத்தைச் சில மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தது. அறிவித்தல் போனது அந்தத் தளத்தின் மின்னஞ்சலுக்கு. மகனுக்கும் வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. அம்மா பிடிஎஃபில் இருந்த நேரத்தை நம்பி வந்து சேர்ந்தபோது கவுண்டர் மூடியாகிவிட்டது. சர்வதேசப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடும். கடையில் இருந்து நாங்கள் அழைத்தபோது, "தளத்தோடு கதையுங்கள்" என்றது நிறுவனம், "நிறுவனத்தோடு கதையுங்கள்" என்றது தளம். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருக்கிற வாங்கில் விடியும் வரை இருந்தார்.

ஆகவே பிள்ளைகளே, டிக்கெட்டை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போடுங்கள், அல்லது முகம் தெரிந்த ஆளிடம் போடுங்கள். தொடர்பு இலக்கமாக உங்கள் சுவிஸ் இலக்கத்தோடு ஊரில் இருப்பவருடைய இலக்கத்தையும் கொடுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் பிஎன்ஆரைப் போட்டு நேரத்தை ஒருமுறை பாருங்கள். பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடியுங்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று நம் பெயர்களில் எல்லாருக்கும் தடுமாற்றம்தான். மலிவு நிறுவனத்தில் பெயர் திருத்தப் போனால் சிலவேளை புது டிக்கெட் அளவுக்குக் காசு கேட்பார்கள்.

வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள், பொதுவாக 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது. பெரும்பாலும் இதற்குக் காசில்லை, மலிவு விமானத்திலும்தான். படி ஏறமுடியுமா, முடியாதா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏடிஆருக்குப் படியில்தான் ஏறவேண்டும். படுக்கையில் கொண்டுபோகவேண்டிய நோயாளி, ஒட்சிசன் தேவைப்படுகிறவர் என்றால் வேறு பேச்சில்லை, முழுச்சேவை நிறுவனத்தோடு முதலிலேயே கதையுங்கள். பல மலிவு நிறுவனங்கள் அவர்களை ஏற்பதில்லை.

பெட்டி தொலைந்தால் மலிவு டிக்கெட் என்பதற்காக உங்கள் உரிமை குறைந்துவிடாது. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயத்தில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி பெட்டிக்கான பொறுப்பின் உச்சவரம்பு இப்போது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வோம் என்று புறப்பட்டுவிடாமல், பெட்டி வருகிற இடத்திலேயே முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பிப் பிரதி வாங்குங்கள்.

ஐரோப்பாவில் இருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி அங்கிருந்து புறப்படுகிற எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும், வளைகுடா நிறுவனமானாலும் சரி. சுவிஸும் அதைப் பின்பற்றுகிறது. பாரிஸில் இருந்து டோகா வழியாகக் கொழும்பு என்று ஒரே பதிவில் வந்து, நிறுவனத்தின் பிழையால் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். துண்டு டிக்கெட்டாக இருந்தால் கொழும்பு வரைக்குமான இந்தக் கணக்கு நிற்காது. கொழும்பில் இருந்து திரும்பிப் போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தில் ஏறினால்தான் இது செல்லும். ஏறுசீட்டைக் கிழித்து எறியாமல் வைத்திருந்து, நிறுவனத்தின் தளத்திலேயே படிவம் நிரப்புங்கள். பங்கு எடுத்துக்கொண்டு வாங்கித் தருகிற கம்பனிகளும் இருக்கின்றன, நிறுவனம் மறுத்தால் மட்டும் அவர்களிடம் போனால் போதும்.