பௌதி: அண்ணியா, மதினியா?

வங்கக் கதைகளிலும் படங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘பௌதி’. அண்ணன் மனைவி என்று பொருள். ‘பௌ’ என்றால் வீட்டுக்கு வந்த மணப்பெண், ‘திதி’ என்றால் அக்கா. இரண்டும் சேர்ந்து சுருங்கிய வடிவம் இது. பழைய நாவல்களில் ‘பௌட்டான்’ என்று இருக்கும். அது ‘பௌ டாக்குராணி’ என்ற மரியாதைச் சொல் தேய்ந்து வந்தது. வங்க முஸ்லிம் வீடுகளில் ‘பாபி’ என்பார்கள்.

பௌதி பதிலுக்குக் கணவனின் தம்பியை ‘டாக்குர்ப்போ’ என்பாள். இங்கே டாக்குர் மாமனார், ‘போ’ பிள்ளை. இந்த இருவருக்கும் இடையில்தான் வங்க இலக்கியத்தின் சிக்கலான காதல்கள் பல முளைத்தன. காரணம் வீட்டமைப்பிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கூட்டுக் குடும்பத்தில் பௌதி சிறுமியாக வாழ்க்கைப்பட்டு வருகிறாள். கணவன் வயதில் மூத்தவன், எப்போதும் வேலையில் இருப்பவன். கணவனின் அண்ணன் முன்னால் முக்காட்டை விலக்கவே கூடாது. அந்தப்புரத்துக்குள் கூசாமல் நுழைந்து, அவளோடு சிரித்துப் பேசி, புத்தகம் படித்துக் காட்டக்கூடிய ஒரே ஆண் கொழுந்தன்தான். அதுவும் ஏறக்குறைய அவள் வயதுக்காரன்.

தாகூர் 1901இல் எழுதிய ‘நஷ்டநீட்’ குறுநாவல் இதைத்தான் சொல்கிறது. பத்திரிகை நடத்தும் பூபதி, தனிமையில் வாடும் அவன் மனைவி சாரு, அவளை ‘பௌட்டான்’ என்று அழைக்கும் அமல். அமல் உடன்பிறந்த தம்பி அல்ல, பூபதியின் அத்தை மகன். ஆனாலும் உறவுமுறை அதேதான். சத்யஜித் ராய் 1964இல் ‘சாருலதா’வாக எடுத்தார். அதில் யாரும் தப்பானவர்கள் இல்லை. சாரு தேடுவது தன் எழுத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம். இதைக் கள்ளக்காதல் கதை என்று சுருக்குவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பிற்காலத்தில் ‘பௌதி’ என்பதையே கிளுகிளுப்புக்கான சொல்லாக்கிய வலைத்தொடர்கள் செய்ததும் அதே அநியாயம்தான்.

சரி, தமிழில் மொழிபெயர்க்கும்போது ‘பௌதி’க்கு என்ன போடுவது? உறவுமுறைப்படி ‘அண்ணி’ சரியான சொல். ஆனால் நம் கதைகளிலும் சினிமாவிலும் அண்ணி என்றால் தாய்க்குச் சமம். அந்தச் சொல் வந்ததுமே கேலிக்கு இடமில்லாமல் போகிறது. தென்மாவட்டங்களில் வழங்கும் ‘மதினி’யில் அந்த இடம் இருக்கிறது. கோணங்கியின் ‘மதினிமார்கள் கதை’ படித்தவர்களுக்கு அந்தப் பிரியமும் சீண்டலும் தெரியும். மதினி, கொழுந்தன் என்று இணையாக வைத்தால் சாருவும் அமலும் பேசுவது தமிழில் உயிரோடு இருக்கும்.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். நம்மிடம் மாமன் மகள், அத்தை மகளில் மூத்தவளும் மதினிதான். முறைப்பெண் என்பதால் கேலிக்கு உரிமை உண்டு. வங்க இந்துக்களிடம் அப்படி முறை கொண்டாடும் வழக்கம் கிடையாது. அங்கே கேலி ஒரே வீட்டில் சேர்ந்து வளர்வதிலிருந்து வருகிறது.

‘மைத்துனி’ என்று மட்டும் போட்டுவிடக் கூடாது. அது மனைவியின் தங்கை, வங்கத்தில் ‘ஷாலி’. கணவனின் சகோதரி ‘நனத்’, அதாவது நாத்தனார். அப்புறம் ‘ஜா’ என்று ஓரெழுத்தில் வருபவள் நம் ஓரகத்தி.