சொந்த ரசிகர்களே திட்டும்போது

எதிரணி ரசிகர்கள் கத்தினால் கால்பந்து வீரர்கள் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை. தங்கள் அணியின் ஜெர்சி போட்டவர்களே திட்டும்போதுதான் நிதானம் தவறுகிறது.

2019 அக்டோபர் 27 அன்று, கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தின் 61ஆவது நிமிடத்தில் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலின் கேப்டன் கிரானித் ஷாக்கா மாற்று வீரருக்காக வெளியே அழைக்கப்பட்டார். மெல்ல நடந்துவந்தவரைப் பார்த்துச் சொந்த அரங்கமே ஊளையிட்டது. காதைக் குவித்துக் காட்டினார், பதிலுக்குத் திட்டினார், ஜெர்சியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பத்து நாட்களுக்குள் கேப்டன் பதவி பறிபோனது.

ஆடும்வரை கவனம் பந்தில் இருக்கும். மாற்றப்படும்போது அது அறுந்து, கூச்சல் மட்டுமே கேட்கும். எனவே அந்த அரை நிமிடத்தை முன்பே பழகி வைக்க வேண்டும்: கேப்டன் பட்டையை வீசாமல் சக வீரரின் கையில் கொடுப்பது, மெல்லோட்டமாக வெளியேறுவது, பயிற்சியாளரின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது. அருகிலுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும் என்பது 2019 முதல் விதி. கொந்தளிக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது என்றால், நடுக்கோட்டருகே போகட்டுமா என்று நடுவரிடம் கேட்கலாம். பாதுகாப்புக் கருதி அவர் அனுமதிக்கலாம்.

மோசமான ஆட்டத்துக்கு ஊளையிடுவது பார்வையாளர் உரிமை. பதில் வேண்டாம். கோல் அடித்ததும் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆத்திரமூட்டும் சைகை என்று நடுவர் கருதினால் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை. கெட்ட வார்த்தை என்றால் சிவப்பு, ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம்.

நிறம், இனம் குறித்த வசையோ மிரட்டலோ வந்தால் பொறுத்துப்போகக் கூடாது. ஆட்டம் நின்றதும் எந்தப் பகுதி, எத்தனையாவது வரிசை, என்ன சொன்னார்கள் என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். இனவெறி என்றால் மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டலாம். இது 2024இல் ஃபிஃபா கொண்டுவந்த சைகை. அதன்பின் நடுவரின் நடவடிக்கை மூன்று படிகள்: முதலில் ஆட்டத்தை நிறுத்தி ரசிகர்களுக்கு அறிவிப்பு, பிறகு இரு அணிகளும் டிரெஸ்ஸிங் ரூமுக்குள், அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். அனுமதியின்றித் தனியாக வெளியேறினால் மஞ்சள் அட்டை பாதிக்கப்பட்டவருக்கே வந்து சேரலாம்.

ரசிகர் பகுதிக்குள் ஏறவே கூடாது. 2020 மார்ச் 4 அன்று நார்விச்சிடம் தோற்றபின் டாட்டனம் வீரர் எரிக் டையர் இருக்கைகளைத் தாண்டிச் சொந்த ரசிகர் ஒருவரிடம் போனார். 4 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். டையரின் தம்பியும் அங்கே இருந்தார். குடும்பத்தாரைப் பொது வரிசைகளிலிருந்து தள்ளி உட்கார வைப்பது நல்லது.

டிரெஸ்ஸிங் ரூமில் ஃபோனைத் தொடவே வேண்டாம். சமூக ஊடகக் கணக்கை வேறொருவர் பார்க்கட்டும். வசைப் பதிவைத் தடுப்பதற்கு முன் கணக்குப் பெயர், நேரம், லிங்க் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். பதிவு மறைந்தபின் புகாருக்கு ஆதாரம் இருக்காது. அதைப் பகிர்ந்து திட்டுவதும் கூடாது, வசை இன்னும் பலரிடம் போகும்.

அறிக்கை விட அவசரமில்லை. 2021 ஜூலை 11 யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்டு இனவெறி வசைக்கு ஆளான இங்கிலாந்து வீரர் புகாயோ சாகா, நான்கு நாள் கழித்துத்தான் பேசினார். தவறவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். வசையைத் தடுக்காத சமூக ஊடக நிறுவனங்களைத் தனியாகக் கண்டித்தார்.