பரண்ல படுத்திருந்தேன்னு சொன்னா, மேலயா கீழயான்னு கேளுங்க

மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரில டாக்டரா இருக்கேன். கடையம், ஆழ்வார்குறிச்சி, சிவசைலம் பக்கத்து வயக்காட்டு ஆளுங்கதான் எங்க கிட்ட அதிகம் வருவாங்க. நெல்லு, வாழை, தென்னை எல்லாத்துக்கும் பன்னித் தொல்லை உண்டு, சில எடத்துல யானையும் எறங்கும், அதனால ராக்காவல் இல்லாம இங்க வெவசாயம் கெடையாது. காவலுக்குப் போறவங்க தங்குற எடத்துக்கு ஊர்ல பேரு பரண். இந்த ஒரு வார்த்தைய நான் தப்பா புரிஞ்சுக்கிட்டதால ஒரு மனுசன் உயிருக்கு என்ன ஆகப் பாத்துதுன்னு சொல்லத்தான் இத எழுதுதேன்.

ஐப்பசி மழைக்காலம், விடியக்கால அஞ்சு மணி இருக்கும். அறுபது வயசு தாண்டின வாழைத்தோட்டக் காவக்காரர் ஒருத்தர மகன் பைக்ல பின்னால உக்கார வச்சு, துண்டால தன்னோட சேத்துக் கட்டிக் கொண்டு வந்தான். ராத்திரி ரெண்டு மணிலேர்ந்து வயித்த வலிக்காம், வர்ற வழியில ஒரு எடத்துல கேஸ் டிரபிள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. வயித்த அமுக்கிப் பாத்தா மெத்துன்னு இருக்கு, காய்ச்சல் இல்ல, வாந்தி ஒரு தடவ. "அண்ணாச்சி, ராத்திரி எங்க படுத்திருந்திய?"ன்னு கேட்டேன். "பரண்லதாம்மா"ன்னாரு.

நான் பாளையங்கோட்டைல பொறந்து வளந்தவ. எனக்குப் பரண்னா அடுப்படிக்கு மேல அம்மா பித்தளைப் பானைய ஏத்தி வைக்கிற எடம், ஏணி இல்லாம எட்டாது. காட்டுப் பரணும் அப்படித்தான, நாலு கால் நட்டு ஆள் உயரத்துக்கு மேல கட்டுவாங்க, அங்க பாம்பு எங்கேர்ந்து வரும்னு மனசுல பாம்பத் தள்ளி வச்சுட்டு, வயித்துக்கு என்னன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். ஒரு பத்து நிமிசம் அப்படிப் போச்சு. அப்பதான் அவரு என்னைப் பாக்குறதுக்குத் தலைய பின்னால சாய்ச்சாரு. கண்ணால பாக்க முடியல, ரெண்டு இமையும் பாதிக்கு மேல எறங்கிக் கெடக்கு, அதுக்குக் கீழ உள்ள சந்து வழியா பாக்குறதுக்காக மோவாயத் தூக்குதாரு. "தூக்கமா அண்ணாச்சி?"ன்னேன். "தொறக்க மாட்டேங்கும்மா"ன்னாரு, நாக்கு கொழறுது.

மகனத் திரும்பக் கேட்டேன். "பேருதான் பரணு டாக்டரம்மா, இப்ப தரையிலதான் கெடக்கு. கால் நட்ட மரத்தக் கரையான் அரிச்சு போன வருசமே சாஞ்சிட்டு, மேல இருந்த ஓலைய எறக்கி கீழயே குடிசலா போட்டுக்கிட்டோம், வைக்கோல் விரிச்சு அது மேலதான் அப்பா படுப்பாவ"ன்னான்.

கட்டுவிரியன். ஒடம்பு முழுக்கத் தேடினேன், பல் பட்ட தடமே கண்ணுல படல, வீக்கமும் இல்ல. விசமுறிவு மருந்த ஏத்திக்கிட்டே 108-ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், போற வழியிலயே மூச்சு மட்டுப்பட்டு பலூன் அமுக்கித்தான் கொண்டு சேத்தாங்க. ஆறு நாள் வென்டிலேட்டர்ல கெடந்து பொழச்சாரு.

இந்தப் பாம்பப் பத்திக் கொஞ்சம் வெவரமாவே சொல்லணும். பகல்ல பதுங்கிக் கெடக்கும், ராத்திரிதான் எர தேடி வெளிய வரும், எலி, ஓணான், மத்த பாம்புங்களக் கூடத் தின்னும். பல்லு ரொம்பச் சின்னது, அதனால தூங்குற ஆளுக்குக் கடிச்சதே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி தேய்ச்சுவிட்டுட்டுத் திரும்பப் படுத்துருவாங்க. வயித்து வலி, தொண்டை வலி, எச்சில் முழுங்க முடியாம போறது, இமை எறங்குறது, அப்பறம் கழுத்து நிக்காது, கடைசில மூச்சு விடுற தசையும் ஓஞ்சு போகும். இந்த விசம் நரம்பு நுனியவே கெடுத்துரும், அதனால செயல் நின்ன பெறகு மருந்து குடுத்தாலும் ஒடனே எந்திரிக்க முடியாது, நரம்பு தேறி வர்ற வரைக்கும் மெசின் வச்சுத்தான் மூச்சக் காப்பாத்தணும். ராத்திரி தரையில படுத்தவரு விடியக்காலம் வயித்து வலின்னு சொன்னா மொதல்ல பாம்புன்னு நெனைங்க, அதுக்கப்பறம் கேஸ்னு நெனைச்சுக்கலாம்.

வார்த்தைக்கு வருவோம். பரணோட பொருளே உயரந்தான். சங்கப் பாட்டுல இதுக்கு இதணம், கழுதுன்னு பேரு, குறிஞ்சிப்பாட்டுல தினைப்புனம் காக்குற பொண்ணு ஏறி இருக்குற இதணம் மரத்து மேல கட்டினது, புலியே அஞ்சுற இதணம்னு கபிலர் சொல்லுதாரு. ஏறி இருக்குறதுக்குத்தான் அந்தப் பேரு. ஆடு வளக்குறவங்க இன்னிக்கும் பரண் மேல ஆடுன்னு சரியாத்தான் சொல்லுதாங்க, ஆட்டுக்கு மட்டும் உயரம் குடுத்துட்டு காவக்கார மனுசனத் தரையில எறக்கிட்டோம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம். வயல்ல மட்டும்னு இல்ல, ராதாபுரம், பணகுடி பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடிக்குக் காவலிருக்குறவங்க தகரக் கொட்டகைல படுக்குறாங்க, டவுன்ல கட்டடம் கட்டுற எடத்துல வாட்ச்மேன் ரூம்னு சொல்றது பாதி நேரம் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்துல ஒரு பாயிதான்.

உயரம்னா கால் உறுதியா இருக்கணும், அதையும் சொல்லிடுதேன். மக்கின பரண்லேர்ந்து விழுந்து குதிகால் ஒடஞ்சு வர்றவங்களுக்கு முதுகெலும்பும் ஒடஞ்சிருக்க வாய்ப்பு உண்டு, கைய புடிச்சுத் தூக்கி உக்கார வைக்காதீங்க, பலகைல படுக்க வச்சு அப்படியே கொண்டாங்க.

அவ்வளவு உயரத்துக்குக் கட்ட வசதி இல்லன்னா ஒரு கட்டில் போதும், நம்ம ஊர் பனைநார்க் கட்டிலே தாராளம். கொசுவலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில சொருகி விடணும், தொங்க விட்டா வலை கட்டினதுல அர்த்தமே இல்ல, போர்வையும் தரையத் தொடக்கூடாது. மிச்சச் சோறு, தானிய மூட்டை எதையும் குடிசலுக்குள்ள வைக்காதீங்க, எலி வந்தா பின்னாலயே அது வரும். எறங்கும்போது டார்ச்ச அடிச்சுட்டுக் காலக் கீழ வைங்க. கடிச்சது தெரிஞ்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, மோதிரம் அரைஞாண் எல்லாத்தையும் கழட்டிட்டு கடிபட்ட எடத்த ஆட்டாம 108-க்குப் போன் பண்ணுங்க, அரசு ஆஸ்பத்திரில விசமுறிவு மருந்து காசில்லாமத்தான் போடுறாங்க.

2000-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடில ஏறக்குறைய 12 லட்சம் பேர் செத்துப் போயிருப்பாங்கன்னு ஒரு கணக்கு, வருசத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டு அரசு பாம்புக்கடிய அறிவிக்கப்பட வேண்டிய நோய்னு ஆக்கிருக்கு, அதாவது எந்த ஆஸ்பத்திரிக்குக் கேஸ் வந்தாலும் அரசுக்குத் தெரியப்படுத்தணும். என்னோட டாக்டர் நண்பர்களுக்கு நான் சொல்றது, காவக்காரர் யாரு வந்தாலும் எங்க படுத்தீங்கன்னு கேட்டுட்டு நிறுத்தாதீங்க, பரண்னு சொன்னா தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு கையக் காட்டச் சொல்லுங்க.

பொங்கல் முடிஞ்சு அந்த அண்ணாச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்தாரு. "கட்டில் போட்டாச்சும்மா, வலையும் வாங்கிட்டான்"ன்னாரு. எவ்வளவு உயரம்னு கேட்டேன். எந்திரிச்சு நின்னு, முழங்காலுக்கு மேல கைய வச்சுக் காட்டினாரு.