ஆடாத சட்டம் கிராஃபில் ஆடியது

ஒரு பம்பின் அடிச்சட்டம் நொடிக்கு ஒரு முறை மெதுவாக ஆடுகிறது, போல்ட்டை எல்லாம் இறுக்கியும் நிற்கவில்லை என்று டேட்டாவை அனுப்பியிருந்தார்கள். கிராஃபில் அழகான 1 ஹெர்ட்ஸ் அலை. நேரில் போய்க் கையை வைத்துப் பார்த்தால் ஆட்டமே இல்லை, மோட்டாரின் உறுமல் மட்டும்தான்.

மோட்டார் நிமிடத்துக்கு 2,940 சுற்று, அதாவது நொடிக்கு 49. சட்டத்தில் பொருத்தியிருந்த சென்சாரோ நொடிக்கு 50 முறை அளந்துகொண்டிருந்தது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே மோட்டார் ஒரு முழுச் சுற்றுக்குச் சற்றே குறைவாகச் சுற்றும். அந்தக் குறைவு சேர்ந்து சேர்ந்து நொடிக்கு ஒரு பொய் அலையாகிவிடுகிறது. இதைத்தான் அலியாசிங் என்கிறோம்.

சாம்பிளிங் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது, அதிர்வைப் போல இரு மடங்குக்கு மேல் வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். எதன் இரு மடங்கு என்பதில்தான் தடுக்கி விழுகிறோம். மனிதர் நடப்பது நொடிக்கு ஏறக்குறைய 2 காலடிதானே, 10 ஹெர்ட்ஸ் போதும் என்பார்கள். நமக்குத் தேவையான அசைவு எது என்று சென்சாருக்குத் தெரியாது. குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சி, பக்கத்து மின்விசிறி, தளர்ந்த உறை என்று வந்து சேர்வதெல்லாம் கணக்கில் வரும்; அவற்றில் மிக வேகமானதன் இரு மடங்கைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பிறகு சாஃப்ட்வேரில் வேகமான அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாமே? முடியாது. 49 ஒரு முறை 1 ஆக மாறிப் பதிவாகிவிட்டால் அது நிஜமான 1 ஹெர்ட்ஸிலிருந்து பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். ஃபில்டர் அளப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். அசைவை அளக்கப் பலரும் பயன்படுத்தும் எம்பியு-6050 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதன் ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் பகுதி) ஃபில்டர் 260 ஹெர்ட்ஸ் வரை திறந்தே கிடக்கும், ரேட்டை மட்டும் 50 ஆக்கினால் ஃபில்டர் தானாகக் குறையாது. 50க்கு நான் 10 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத்தான் வைப்பேன். 21 என்றும் ஒரு தேர்வு உண்டு, ஆனால் 50இன் பாதியான 25க்கு அவ்வளவு பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடிக்காது, ஃபில்டர் ஒன்றும் செங்குத்துச் சுவர் அல்ல. வேகமாக அளந்து, இருபதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மெமரியை மிச்சம் பிடிப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பொறுக்குவதற்கு முன் ஃபில்டர் போடுங்கள்.

சந்தேகம் வந்தால் ரேட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நிஜ அசைவு இருந்த இடத்திலேயே இருக்கும். நான் 50ஐ 52 ஆக்கினேன், 1 ஹெர்ட்ஸ் அலை 3க்குத் தாவியது. 500 வைத்ததும் 49 தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்குள் மாய ஆட்டத்தை நிறுத்த இறுக்கி இறுக்கி இரண்டு போல்ட்டில் மரை போயிருந்தது.