தன்னெறிக் கற்றல்: சொல் விளக்கம்

‘செல்ஃப் டைரக்டட் லேர்னிங்’ என்பதைச் ‘சுயகற்றல்’ என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். அப்படி எழுதும்போது நடுவில் நிற்கும் ‘டைரக்டட்’ காணாமல் போகிறது. பொருளே அங்கேதான் இருக்கிறது. லத்தீனில் ‘டிரிகெரே’ என்றால் நேராக்குதல், ஒரு திசையில் செலுத்துதல். எதைப் படிப்பது, எதற்காக, எவ்வளவு வந்தால் போதும் என்பவற்றைப் படிப்பவரே முடிவு செய்யும் கற்றலுக்கு இந்தப் பெயர்.

சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க முதியோர் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1975-இல் அவர் தந்த வரையறையில் ஐந்து வேலைகள் உண்டு: தனக்கு எது தெரியவில்லை என்று கண்டறிவது, இலக்கு வைப்பது, உதவும் ஆட்களையும் பொருள்களையும் தேடுவது, முறையைத் தேர்ந்து செய்வது, வந்ததா என்று மதிப்பிடுவது. பிறர் உதவியோடும் செய்யலாம், இல்லாமலும் செய்யலாம் என்கிறார். ஆகவே ஆசிரியர் வேண்டாம் என்று வாதாட இதில் இடமில்லை. அவர் எழுதியது பெரியவர்களை மனதில் வைத்து. பள்ளிப் பிள்ளையிடம் ஐந்தையும் ஒரே நாளில் ஒப்படைத்தால் திணறும். 1991-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரால்டு குரோ, ஆசிரியரைச் சார்ந்திருப்பதில் தொடங்கித் தானே நடத்துவதுவரை நான்கு படிகளாக இதைப் பிரித்தது இங்கே கைகொடுக்கும்.

இனி தமிழ்ச்சொல். ‘சுயம்’ வடசொல். தமிழில் ‘தன்’ இருக்கிறது. தன், காப்பு சேர்ந்து தற்காப்பு ஆவதுபோல் ‘தற்கற்றல்’ என்று ஆக்கலாம். ஆனால் வாயில் தடுக்கும், ‘டைரக்டட்’டும் வராது. ‘தன்வழிக் கற்றல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்வழி, ஆங்கிலவழி, மலையாளவழி மூன்றும் புழங்கும் குமரி மாவட்டத்தில் அதைப் பயிற்றுமொழி என்று நினைத்துவிடுவார்கள். ‘நெறி’க்கு வழி, ஒழுங்கு என இரண்டு பொருளும் உண்டு, ‘நெறிப்படுத்து’ என்ற வினையும் கையோடு இருக்கிறது. ‘தன்னெறிக் கற்றல்’ என்பதே எங்கள் பரிந்துரை.

செயலில் பார்ப்போம். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நடக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “சாரே, ரப்பர் பாலுல ஆசிட் விட்டா ஏன் உறையுது?” என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘ரப்பர் பற்றிப் படிப்பேன்’ என்பது இலக்காகாது. எங்கே முடிப்பது என்றே தெரியாது. ‘ஆசிட் பாலை உறைய வைக்கிறது, அம்மோனியா உறையாமல் காக்கிறது, ஏன் என்று இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் எழுதுவேன்’ என்பது இலக்கு. கூகுள் டாக்ஸில் நோல்ஸின் ஐந்து வேலைகளையும் தலைப்பாக்கி அவளே நிரப்பட்டும். ஆசிரியருக்குப் பகிரும்போது ‘கமென்ட்’ உரிமை மட்டும் போதும். ‘எடிட்’ கொடுத்தால் சார் நல்லெண்ணத்தில் திருத்தித் திருத்தி, கடைசியில் அது சாரின் திட்டமாகிவிடும். இலக்கு எந்த நாளில் எப்படி மாறியது என்பது பதிப்பு வரலாற்றில் அவளுக்குத் தெரியும்.

தேட வேண்டிய இடங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் கூழ்மங்கள் பகுதி, அதன் கியூஆர் குறியீடு, தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலி, ரப்பர் வாரியத்தின் இணையதளம், ஷீட் அடிக்கும் பக்கத்து வீட்டு மாமா. மாமாவை விட்டுவிடக் கூடாது. அவள் எட்ட வேண்டிய விடை இது: பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களைப் புரதப் படலம் சூழ்ந்திருக்கிறது. அதன் எதிர்மின்சுமையால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அமிலம் அந்தச் சுமையைப் போக்கியதும் ஒட்டிக்கொள்கின்றன. சரி, ஆசிட்டே படாமல் சிரட்டையில் கிடக்கும் பாலும் கட்டியாகிறதே? பாக்டீரியா உண்டாக்கும் அமிலமும் அதற்கு ஒரு காரணம். இப்படிப்பட்ட இரண்டாம் கேள்வி முதல் விடை கிடைத்த பிறகே எழும். திட்டத்தில் நான்கைந்து நாளைக் காலியாக விட்டால்தான் அதற்கு இடம் இருக்கும். பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். அதைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் மூன்றாம் வேலையான தேடலிலும் ஐந்தாம் வேலையான மதிப்பீட்டிலும்தான். யூடியூபில் ‘ஆட்டோபிளே’யை அணைக்காவிட்டால் தேடல் பொழுதுபோக்காகிவிடும். காணொளி பார்த்ததும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று வரி எழுதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். கேள்வியும் விடையும் எழுதி மறுபடி மறுபடி பார்க்கும் நினைவட்டைச் செயலியான ஆன்கியில் முதல் நாளே ஐம்பது அட்டை போட்டு, மறுபார்வை குவிந்ததும் கைவிடுகிறவர்கள் உண்டு. நாளுக்கு ஐந்து புதிய அட்டை என்று அமைப்பில் குறைத்து வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் ஆன்கி இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் தேடி அலைகிறவர்களுக்கு அதுவே பெரிய காரியம்.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் வேண்டாம், அவள் படிக்காத ஒரு கேள்வி போதும்: அம்மோனியா விட்ட பாலை உறைய வைக்க ஆசிட் கூடுதலாக வேண்டுமா? வேண்டும், முதலில் அம்மோனியாவை நடுநிலையாக்கவே ஆசிட்டில் ஒரு பங்கு செலவாகிவிடும் என்று அவளாகவே சொன்னால் அந்த டாக்ஸ் பக்கத்தை மூடிவிடலாம்.